மாநகரில் கொண்டாடப்படும் மரபும் ஊரில் மறக்கப்படும் உறவும்

ஆண்டுதோறும் ஜனவரி மாதம் பிறந்ததும் கனடாவின் ரொறன்ரோ மாநகரிலும் அதனைச் சூழவுள்ள நகரங்களிலும் தமிழ் மரபுத் திங்கள் கொண்டாடப்பட்டு வருகின்றது. பாடசாலைகளில் பொங்கல் பொங்கப்படுகின்றது. மாநகர மண்டபங்களில் பரதமும் பறையும் அரங்கேறுகின்றன. அரசியல் தலைவர்கள் வேட்டி அணிந்து வந்து தமிழில் இரு சொற்கள் பேசி வாழ்த்துகின்றனர். ஒன்ராறியோ மாகாணம் 2014ஆம் ஆண்டில் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அங்கீகரித்தது. கனடியப் பாராளுமன்றம் 2016 ஒக்டோபரில் அதனை நாடு முழுவதற்குமானதாக ஏற்றுக்கொண்டது. இலண்டன் மாநகர அவையும் 2022இல் இதனையொத்த தீர்மானமொன்றை நிறைவேற்றியது.

இது சாதாரணமாகக் கைகூடிய ஒன்றல்ல. 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக் கொண்டிருந்த 155 தமிழ் அகதிகளைக் கனடிய மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்தனர். அந்நிகழ்வுக்கு முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே நாட்டின் பாராளுமன்றம் அச்சமூகத்தின் மரபுக்கென ஒரு மாதத்தை ஒதுக்கியது. கனடாவில் இன்று தமிழர் தொகை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டதாகும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கென முப்பது இலட்சம் டொலர் திரட்டப்பட்டது. அகதிகளாகச் சென்ற மக்கள் இத்துணை குறுகிய காலத்தில் இவ்வளவு உயர்ந்தமை குறித்து எவரும் பெருமை கொள்ளலாம்.

அம்பாறைக் கரையோரத்தில் தம்பிலுவில் போன்றதொரு கிராமத்திலிருந்து இவற்றை நோக்குவோருக்குப் பெருமையுடன் ஒரு கேள்வியும் எழுகின்றது. அங்கே கொண்டாடப்படுவது எந்த மரபு? அதில் எமது கரையோரத்துக்கு இடமுண்டா? இக்கரையோரத்தில் அதே மொழியைப் பேசி அடுத்த ஊரில் வாழும் முஸ்லிம் மக்களுக்கு இடமுண்டா? இது குறை காணும் நோக்குடன் கேட்கப்படும் கேள்வியன்று. பெருநகரங்களில் மரபைக் கொண்டாடிய ஏனைய சமூகங்களின் வரலாற்றை எடுத்து நோக்கினால், இக்கேள்விக்கு உரிய காலத்தில் விடை காணாத சமூகம் எதனை இழக்க நேரிடும் என்பது தெளிவாகும்.

இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் அமெரிக்காவில் குடியேறிய ஜேர்மனியராவர். 1683 ஒக்டோபர் 6ஆம் திகதி ஜேர்மனியின் கிறெபெல்ட் நகரிலிருந்து புறப்பட்ட 13 குடும்பங்கள் பிலடெல்பியாவை வந்தடைந்து, அருகில் 'ஜேர்மன்ரவுன்' என்ற குடியிருப்பை நிறுவின. அந்நாளின் நினைவாகவே 1987இல் ஜனாதிபதி ரீகன் ஒக்டோபர் 6ஐ ஜேர்மன் அமெரிக்கர் தினமாகப் பிரகடனப்படுத்தினார். நியூயோர்க் நகரில் 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்டூபன் ஊர்வலம் இன்றும் செப்டெம்பர் மாதத்தில் ஐந்தாம் அவெனியூ வழியாகச் செல்கின்றது. ஜோர்ஜ் வொஷிங்டனின் படைக்குப் பயிற்சியளித்த ஜேர்மானியத் தளபதியின் பெயரால் நடைபெறும் விழா அது. பாண்ட் வாத்தியங்கள், பவேரிய உடைகள், இரு நாட்டுக் கொடிகள் என ஆரவாரத்துக்குக் குறைவில்லை.

ஆயினும் அந்த ஆரவாரத்தின் பின்னால் ஓர் இழப்பு மறைந்திருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயோர்க், சிக்காகோ, மில்வாக்கி, சின்சினாட்டி ஆகிய நகரங்களில் ஜேர்மன் மொழி வீதியின் மொழியாக இருந்தது. அம்மொழியில் நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் வெளிவந்தன. சின்சினாட்டியின் அரசாங்கப் பாடசாலைகளில் 1840 முதல் ஜேர்மனும் ஆங்கிலமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. வீதிகளின் ஜேர்மன் பெயர்கள் மாற்றப்பட்டன. புளிக்கவைத்த கோவாவுக்குக்கூடச் 'சுதந்திரக் கோவா' என்று பெயரிடப்பட்டது. 1918 ஏப்ரலில் இலினோய் மாநிலத்தில் ஜேர்மனியில் பிறந்த தொழிலாளி ஒருவரைக் கும்பலொன்று மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் சிறு பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்பிப்பதையே சட்டத்தினால் தடைசெய்தது. ஜேர்மன் மொழியில் வேதக் கதை கற்பித்த ஆசிரியர் ஒருவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டு, அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1923இலேயே அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்தபோது மொழி ஏற்கனவே வீடுகளை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தது. இன்று நான்கு கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் தமது பூர்வீகம் ஜேர்மனி என்று குடிசன மதிப்பீட்டில் பதிகின்றனர். அம்மொழியை வீட்டில் பேசுவோர் அவர்களுள் மிகச் சிறு பகுதியினரே. ஊர்வலம் எஞ்சியது. ஊர்வலத்தில் வருவோர் தமக்குள் உரையாடுவது ஆங்கிலத்தில்.

விதிவிலக்கும் உண்டு. பென்சில்வேனியா, ஒஹாயோ மாநிலங்களில் விவசாயம் செய்து வாழும் ஆமிஷ் மக்கள் தமது ஜேர்மன் வழக்கை இன்றும் பிள்ளைகளுக்குப் பேசக் கொடுக்கின்றனர். அவர்களுக்கு ஐந்தாம் அவெனியூவில் ஊர்வலம் தேவைப்படவில்லை. வயலிலும் அடுக்களையிலும் தொழுகையிலும் அம்மொழி அவர்களுக்குப் பயன்படுகின்றது. பயன்பாட்டில் உள்ள மரபு விழா இன்றியும் நிலைக்கும் என்பதற்கும், பயன்பாடற்ற மரபை எத்தகைய விழாவும் காப்பாற்றாது என்பதற்கும் இவ்விரு சாராரும் சான்றாக உள்ளனர்.

ஜேர்மானியரின் வரலாற்றில் எமக்கு இன்னும் நெருக்கமான மற்றொரு பாடமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயோர்க்கின் 'குட்டி ஜேர்மனி' என்ற பகுதியில் கத்தோலிக்கர், லூத்தரன் திருச்சபையினர், யூதர் ஆகிய மூவரும் வாழ்ந்தனர். மதத்தால் வேறுபட்ட அவர்களை மொழி இணைத்தது. ஜேர்மன் பாடற் கழகங்களிலும் நாடக அரங்குகளிலும் யூதர்களும் பங்குகொண்டனர். ஆனால் 1939 பெப்ரவரி 20ஆம் திகதி அதே நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் ஜேர்மன் அமெரிக்கக் கூட்டமைப்பு ஒன்று இருபதினாயிரம் பேரைத் திரட்டிக் கூட்டம் நடத்தியது. மேடையில் வொஷிங்டனின் உருவப்படமும் நாஸிச் சின்னங்களும் ஒருங்கே காட்சியளித்தன. ஜேர்மானியப் பெருமை என்ற பெயரில் அங்கு யூதர்கள் தூற்றப்பட்டனர். ஜேர்மன் அமெரிக்கர்களில் பெரும்பாலானோர் அக்கூட்டமைப்பை ஆதரிக்கவில்லை என்பதும் உண்மையே. எனினும் ஒரே மொழியைப் பேசியவர்களில் ஒரு பிரிவினரை மரபின் எல்லைக்கு வெளியே நிறுத்திய அந்தக் கூட்டம், அம்மரபின் பெயரையே நீண்டகாலம் கறைப்படுத்தியது. மரபு என்பது யாரை உள்ளழைக்கின்றது, யாரை வெளியேற்றுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் தகுதி அமைகின்றது.

இந்தப் பின்னணியில் எமது கரையோரத்தை நோக்குவோம். வடக்கே மருதமுனையில் பஸ் ஏறித் தெற்கே திருக்கோவில் வரை பயணம் செய்பவர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருவதைக் காண்பார். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனின் தீமிதிப்பு. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாவின் பெயரால் கொடியேற்றம். தம்பிலுவிலில் வைகாசிச் சடங்கும் கண்ணகை அம்மனின் திருக்குளிர்த்தியும். கண்ணகி வழக்குரை ஏட்டிலிருந்து பாடப்படும் அந்நாட்கள் இவ்வூரவர் எங்கிருந்தாலும் மனதால் வந்து சேரும் நாட்களாகும். வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து கொம்பு முறிக்கும் விளையாட்டும் இந்த வழிபாட்டோடு பிறந்ததே.

கொண்டாட்டங்கள் வேறுபட்டாலும் வாழ்க்கை முறையின் அடித்தளம் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வருபவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. வீடு பெண்ணுக்கு. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். கோயிலை நிருவகிக்கக் குடிதோறும் வண்ணக்கர் தெரிவு செய்யப்பட்டதைப் போன்றே பள்ளிவாசலை நிருவகிக்கக் குடிதோறும் மரைக்காயர் தெரிவு செய்யப்பட்டனர். முக்குவர் திமிலரோடு பொருதபோது முஸ்லிம்கள் துணைநின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாகப் பெண்கொடுத்து உறவாயினர் என்றும் இப்பகுதியின் பழங்கதை கூறுகின்றது. கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், இரு சாராரும் தம்மை உறவினராக எண்ணிப் பார்க்க விரும்பினர் என்பதற்கு அதுவே போதிய சான்றாகும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இவ்விடயங்களை ஆராய்ந்து 2008இல் ஒரு பெரும் நூலாக வெளியிட்டார். அதனை ஓர் ஆங்கில நூலில் வாசித்தே எமது இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

இலக்கியத்திலும் இதுவே நிலை. 1892இல் காரைதீவில் பிறந்து யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள், இருபுறமும் முஸ்லிம் ஊர்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தின் புதல்வர். மண்டூரின் பெரியதம்பிப்பிள்ளையையும் மருதமுனையின் ஷரிபுத்தீனையும் இப்பிரதேசம் 'புலவர்மணி' என்ற ஒரே பட்டத்தாலேயே அழைத்தது. வயற்காட்டிலும் களத்துமேட்டிலும் முஸ்லிம் பெண்களும் ஆண்களும் பாடிய கவிகள், கிழக்கிலங்கைத் தமிழ் நாட்டார் பாடல்களின் செல்வங்களுள் அடங்குவன. மருதமுனையின் கைத்தறிச் சாரமும் சேலையும் தமிழர் வீட்டுத் திருமணங்களுக்கும் சென்றன. சம்மாந்துறை வயல்களின் நெல்லை இரு சாராரும் உண்டனர். இவ்வுறவைக் குறிக்கவே 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்ற சொற்றொடர் கிழக்கில் வழங்குகின்றது.

அந்தச் சொற்றொடரை மேடைகளில் கூறிக் கைதட்டல் பெறுவது எளிது. ஆனால் 1985 ஏப்ரலில் காரைதீவு எரிந்ததும், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டதும் இதே மண்ணில்தான் நிகழ்ந்தன. அவ்வாண்டின் ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். தத்தமது இழப்பை மட்டும் நினைவுகூர்ந்து மற்றவரின் இழப்பைப் பற்றி மௌனம் காக்கும் பழக்கம் இரு சமூகங்களிலும் இன்றுவரை மாறவில்லை. 2004 டிசெம்பர் 26இல் எழுந்த கடல் எந்த ஊரையும் பெயர் கேட்டு அழிக்கவில்லை. இலங்கையில் ஆழிப்பேரலையினால் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அந்தப் பொதுத் துயரம்கூட எம்மை நீண்டகாலம் இணைத்து வைக்கவில்லை என்பது கசப்பான உண்மை.

இவ்வாறான நிலையில் மரபு என்ற சொல் கிழக்கில் கொண்டாட்டத்துக்கான சொல்லாக இல்லாமல் எல்லைப் பிணக்குக்கான சொல்லாக மாறி வருகின்றது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுகளை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. அதற்கு ஓராண்டு முன்னர், 2019 ஜூனில், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு கோரி உண்ணாவிரதமும் அதற்கு எதிராகச் சத்தியாக்கிரகமும் ஒரே நகரில் நடைபெற்றன. நிருவாகக் கோரிக்கைகளின் நியாயம் தனியே ஆராயப்பட வேண்டியது. ஆனால் இரு தரப்பினரும் தத்தமது பூர்வீகத்தை மட்டும் எடுத்துரைத்து, பொதுவான பூர்வீகத்தைப் பற்றிப் பேசாதிருந்ததை அவதானித்தவர்கள், மூன்றாம் தரப்பொன்று தனது பூர்வீகத்தை எழுதிச்செல்லும் போது எம்மிடம் ஒருமித்த பதில் ஏன் இருக்கவில்லை என்பதையும் விளங்கிக்கொள்வர்.

மீண்டும் ரொறன்ரோவுக்குச் செல்வோம். ஒன்ராறியோவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். 2016ஆம் ஆண்டு முதல் ஒக்டோபர் இஸ்லாமிய மரபுத் திங்கள். கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ அங்கு குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை ஒக்டோபரில் தனது மார்க்கத்தின் பெருமையைக் கேட்கின்றது. ஆனால் அதன் வாப்பும்மா பாடிய தாலாட்டு அந்த மாதத்தில் ஒலிக்காது. ஜனவரியில் தனது தாய்மொழியின் விழாவைக் காண்கின்றது. ஆனால் அம்மேடையில் தனது ஊரின் பெயரையோ உம்மாவின் பேச்சு வழக்கையோ அரிதாகவே காணும். இரு மாதங்களுக்கும் இடையில் அப்பிள்ளையின் பாதி வாழ்வு விடுபட்டுப் போகின்றது. தம்பிலுவிலிலிருந்து சென்ற குடும்பத்தின் பிள்ளைக்கும் குறையுண்டு. கிழக்கின் கண்ணகி வழிபாடும் குடிமுறையும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் வெளிநாட்டு மேடைகளில் மிகக் குறைந்த இடத்தையே பெறுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகும். முஸ்லிம்களை அழைத்தல் வேறு, அவர்களைத் தமிழர் என்ற பெயருக்குள் அடக்குதல் வேறு. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று நிறுவ முயன்றார். அதற்கு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் விரிவான மறுப்பு எழுதினார். அன்று தொடங்கிய ஐயம் இன்றும் நீங்கவில்லை. தமக்கெனத் தனியான அடையாளத்தைக் கொண்ட ஒரு சமூகமாகவே இலங்கை முஸ்லிம்கள் தம்மைக் கருதுகின்றனர். அதனை மதிக்காத எந்த அழைப்பும் அழைப்பாகாது. மறுபுறத்தில், தனித்துவத்தை நிலைநாட்டும் ஆர்வத்தில் கவியையும் ரபானையும் குடிமுறையையும் தமக்குப் புறம்பானவை என்று முஸ்லிம் சமூகம் கைவிடுமாயின், அது தனது பாட்டன், பாட்டியரையே கைவிட்டதாக முடியும். இனத்தால் ஒன்று என்று வற்புறுத்தாமல், மொழியால் பங்காளிகள் என்று ஏற்றுக்கொள்வதே இரு சாராருக்கும் கண்ணியமான வழியாகும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம், இலங்கையின் 'தமிழ் பேசும் சமூகங்கள்' அனைத்தினதும் எழுத்துகளைத் திரட்டுவதைத் தனது பணியாகக் கொண்டது. யாழ்ப்பாணத்தின் பத்திரிகையும் மலையகத்தின் துண்டுப்பிரசுரமும் முஸ்லிம் எழுத்தாளரின் சிறு சஞ்சிகையும் ஒரே கூரையின் கீழ் அங்கு கிடைக்கின்றன. அதற்காக எவரும் தமது அடையாளத்தை விட்டுக்கொடுக்க நேரவில்லை.

இவ்வழியில் செய்யக்கூடியவை பல. புலம்பெயர்ந்த சங்கங்கள் ஜனவரி மேடையில் பொல்லடிக்கும் ரபானுக்கும் முஸ்லிம் கவிகளுக்கும் உரிய இடத்தை, அந்த மக்களின் இசைவோடு, அவர்களது பெயரிலேயே வழங்கலாம். விழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கொம்பு விளையாட்டையும் வழக்குரை பாடும் முறையையும் பள்ளிவாசல் கொடியேற்ற மரபுகளையும், அவற்றை அறிந்த முதியவர்கள் உள்ளபோதே ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவ்விரு நிறுவனங்களும் இணைந்து இப்பணியை ஏற்பதற்குத் தடையெதுவும் இல்லை. தம்பிலுவில் மாணவர்கள் கல்முனைக் கொடியேற்றத்தையும் கல்முனை மாணவர்கள் தம்பிலுவில் குளிர்த்தியையும் கற்கைச் சுற்றுலாவாகச் சென்று பார்த்துக் குறிப்பெழுதி வந்தால், எந்தச் சுற்றுநிருபமும் செய்யாத மாற்றத்தை அது செய்யும்.

ரொறன்ரோவில் 2015 முதல் ஆகஸ்ட் மாதத்தில் வீதித் திருவிழாவாக நடைபெற்று வந்த தமிழர் தெருவிழா, 2024இல் இமாலயப் பிரகடனம் தொடர்பான அரசியல் முரண்பாட்டினால் தமிழர்களது எதிர்ப்பையே எதிர்கொண்டது. யாருடைய மரபு, யார் அதன் பேச்சாளர் என்ற வினா வெளிநாட்டிலும் தீரவில்லை என்பதை அது காட்டிற்று. அதற்கான விடையை மாநகர மேடைகளில் மட்டும் தேடிப் பயனில்லை. அம்மரபு இன்றும் பேச்சாகவும் சடங்காகவும் சாப்பாடாகவும் உயிர்வாழும் ஊர்களில் அதனைத் தேட வேண்டும். அவ்வூர்கள் ஒன்றோடொன்று பேசாதிருந்தால், இன்னும் இரு தலைமுறையில் எமது பேரப்பிள்ளைகள் ஏதோவொரு பெருநகர வீதியில் வேட்டி கட்டி ஊர்வலம் போவார்கள், ஆனால் தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள்.

அந்நிலையைத் தவிர்க்கும் பொறுப்பு ரொறன்ரோவுக்கு எவ்வளவு உண்டோ, அதைவிடக் கூடுதலாகத் தம்பிலுவிலுக்கும் கல்முனைக்கும் உண்டு. இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஒரு மணி நேரப் பஸ் பயணமே உள்ளது. அந்தப் பயணத்தை எமது பிள்ளைகள் மேற்கொள்ளுமாறு செய்வது இரு ஊர்களின் பெற்றோர், ஆசிரியர், ஆலய மற்றும் பள்ளிவாசல் பரிபாலன சபையினர் ஆகியோரின் கடமையாகும்.